காலை ஏமாத்த முடியாது: ஒரு சாக்ஸ் வரலாறு

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். பின்னல் ஊசியில 8-ம் நம்பர் தடிமனா, 12-ம் நம்பர் தடிமனா? 12னு சொன்னீங்கன்னா நீங்களும் நம்ம கட்சி. கடைசியில கையில சாக்ஸுக்குப் பதிலா ஒரு உருளைக்கிழங்கு மூட்டையோட நிப்பீங்க.

நான் அப்படித்தான் நின்னேன். அம்மாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை. பாதத்துல உணர்ச்சி குறைஞ்சு போச்சு. குன்னூர் குளிருக்கு சாக்ஸ் இல்லாம முடியாது. டாக்டர் தெளிவா சொல்லிட்டார். "இறுக்கிப் பிடிக்கிற எலாஸ்டிக் வேணாம். விரல்கிட்ட தடிமனா தையல் இருக்கிற சாக்ஸ் வேணாம். ராத்திரி ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்க. ஒரு முடிச்சு உரசினாக்கூட அவங்களுக்குத் தெரியாது, புண்ணானப்புறம்தான் தெரியும்."

வீட்டுல இருந்த சாக்ஸை எல்லாம் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எல்லாத்துலயும் விரல் நுனியில வயல் வரப்பு மாதிரி ஒரு தையல். சரி, நாமே பின்னிடுவோம்னு கிளம்பிட்டேன். பின்னத் தெரியுமான்னு கேக்காதீங்க. பக்கத்து வீட்டு அக்கா ஸ்வெட்டர் பின்னுறதை ரெண்டு குளிர்காலமா வேடிக்கை பார்த்த அனுபவம்தான் :-)

கடைக்காரர், "சாக்ஸுக்கா சார்? 12 இல்லன்னா 13 போகும்"ன்னார். எனக்கு மெல்லிசா வேணுமே, அதனால, "அவ்வளவு பெரிசு வேணாம், 8 குடுங்க"ன்னேன். அவர் ஒரு தினுசா பார்த்துட்டுக் குடுத்தார். நூலும் பளபளன்னு இருந்த மலிவு அக்ரிலிக். மூணு வாரம் பின்னினேன். விரலை விட்டா கண்ணி வழியா வெளிய வருது. அம்மா போட்டுப் பார்த்துட்டு, "காய்கறி வாங்க நல்லா இருக்கும்டா"ன்னாங்க.

தோத்தவன் புத்தகத்தைத் தேடுவான் இல்லையா, நானும் தேடினேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. சாக்ஸுக்கு எந்த நூல், எந்த ஊசிங்கிறது ரசனை சமாச்சாரம் இல்லை. இதுல குறுக்கு வழி தேடினப்பல்லாம் யாரோ ஒருத்தரோட கால்தான் அதுக்கு விலை குடுத்திருக்கு.

நம்பர் ஏன் தலைகீழ்?

முதல்ல அந்த நம்பர் விவகாரம். பின்னல் ஊசிங்கிறது அடிப்படையில ஒரு கம்பித் துண்டு. கம்பியை எப்படிச் செய்யறாங்க? தடிமனான கம்பியை ஒரு ஓட்டை வழியா இழுக்கணும். அப்புறம் அதைவிடச் சின்ன ஓட்டை. அப்புறம் அதைவிடச் சின்னது. எத்தனை தடவை இழுத்தாங்களோ அந்தக் கணக்குல வந்ததுதான் கம்பி நம்பர். அதிகம் இழுத்தா கம்பி ஒல்லியாகும், நம்பர் ஏறும். மோட்டார் காயில் கட்டுற கடையில "22 கேஜ் குடு"ன்னு கேட்பாங்களே, அதே கேஜ்தான். திருப்பூர், கோவைப் பக்கம் நூல்ல 40 கவுண்டைவிட 60 கவுண்ட் மெலிசுங்கிறது மாதிரின்னு வெச்சுக்கலாம்.

பழைய இங்கிலாந்துக் கணக்குப்படி 8-ம் நம்பர் 4 மி.மீ., 10 வந்து 3.25 மி.மீ., 12 வந்து 2.75 மி.மீ., 14 வெறும் 2 மி.மீ. அமெரிக்கக் கணக்கு நேர் எதிர், அங்கே நம்பர் ஏறினா ஊசியும் தடிக்கும். இந்தக் குழப்பத்துக்கு ஒரே மருந்து, நம்பரை விட்டுட்டு மி.மீ. பார்த்து வாங்கறது. நம்மூர்ல இன்னைக்கும் பழைய நம்பரைத்தான் சொல்றாங்க.

அதுக்கும் காரணம் இருக்கு. ஊசி உலகத்துக்கு ஒரு காலத்துல தலைநகர் இங்கிலாந்தோட ரெட்டிச். பக்கத்துல ஸ்டட்லின்னு இன்னொரு ஊசி ஊர். ரெட்டிச்சுல தண்ணீர்ச் சக்கரத்துல ஓடின ஊசி மெருகேத்துற ஆலை ஒண்ணு இப்ப அருங்காட்சியகமா இருக்கு. அந்தத் தொழில்ல ஊசிமுனையைக் கல்லுல தீட்டறவங்க பாடுதான் பரிதாபம். கல் தூளும் இரும்புத் தூளும் நுரையீரல்ல இறங்கி, நடுவயசைப் பார்க்காமலே போனவங்க ஏராளம்.

அந்த ஸ்டட்லி கம்பெனிக்காரங்கதான் 1949-ல நம்ம நீலகிரியில, கேத்தியில, ஊசித் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. நீடில் இண்டஸ்ட்ரீஸ். போனி ஊசிகள் இவங்களோடதுதான். மலை ரயில்ல குன்னூர்லேர்ந்து ஊட்டி போற வழியில கேத்தி ஸ்டேஷன் வரும், எத்தனை தடவை கடந்து போயிருப்பேன்! சட்டம் படிச்சவங்களுக்கு இந்தப் பேர் வேற விதத்துல பழக்கமா இருக்கும். அந்நியச் செலாவணிச் சட்டத்தால வெளிநாட்டுப் பங்கைக் குறைக்க வேண்டி வந்து, அதுல கிளம்பின தகராறு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1981-ல தீர்ப்பாச்சு. கம்பெனிச் சட்ட வகுப்புல இன்னைக்கும் பாடம் அது.

எகிப்தியனோட எச்சில்

சரி, சாக்ஸுக்கு வருவோம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு ஜோடி சிவப்புக் கம்பளி சாக்ஸ் இருக்கு. எகிப்துல ஆக்ஸிரிங்கஸ்ங்கிற ஊர்ல கிடைச்சது. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல பழசு. கட்டைவிரல் தனியா, மத்த நாலு விரல் தனியாப் பிரிஞ்சிருக்கும். செருப்போட போட்டுக்கிறதுக்காக. நம்மூர்ல வார் செருப்போட சாக்ஸ் போடறவங்களைப் பார்த்து இனிமே யாரும் சிரிக்காதீங்க, அது தொன்மையான மரபு!

பிரிட்டிஷ் மியூசியத்துல இன்னொண்ணு. சுமார் கி.பி. 300-ஐச் சேர்ந்த, ஒரு குழந்தையோட இடது கால் சாக்ஸ். குப்பை மேட்டுல கிடைச்சது. 2018-ல அதைப் பல அலைநீள ஒளியில படம் எடுத்துப் பார்த்தாங்க. சிவப்பு, நீலம், மஞ்சள்னு மூணே மூணு செடிச் சாயத்தை வெச்சு அத்தனை நிறப் பட்டையையும் கொண்டு வந்திருக்கான் அந்த மனுஷன். இல்ல, மனுஷி.

இவை ரெண்டும் இன்னைக்கு நாம சொல்ற பின்னல் இல்லை. காது வெச்ச ஒத்தை ஊசியில, நூல் முழுசையும் ஒவ்வொரு கண்ணி வழியாவும் இழுத்துச் செய்யற முறை. அதனால நீளமான நூல் வெச்சுக்க முடியாது. துண்டு துண்டா வெச்சு இணைச்சுக்கிட்டே போகணும். முடிச்சுப் போட்டா காலை உறுத்தும். கம்பளியில அதுக்கு ஒரு வழி இருக்கு. ரெண்டு நுனியையும் பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, எச்சில் தொட்டு, உள்ளங்கையில சூடு வர உருட்டணும். கம்பளி மயிரோட செதில்கள் ஒண்ணையொண்ணு கவ்வி ஒரே நூலாயிடும். இன்னைக்கும் பின்றவங்க இப்படித்தான் இணைக்கிறாங்க. அக்ரிலிக்ல முயற்சி பண்ணாதீங்க, எச்சில்தான் வீண்.

ரெண்டு ஊசி, ஒரே தொடர் நூல்ங்கிற நிஜப் பின்னலுக்குப் பழைய சாட்சியும் எகிப்துலதான். 11-லேர்ந்து 13-ம் நூற்றாண்டு வாக்குல பின்னின, வெள்ளையும் அவுரி நீலமும் கலந்த பருத்தி சாக்ஸ். விரல் நுனியில ஆரம்பிச்சு மேல்நோக்கி வட்டமா ஒரே குழாயாப் பின்னியிருக்காங்க. தையலே இல்லை. அதாவது டாக்டர் கேட்ட சாக்ஸை அவங்க எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே பின்னி முடிச்சுட்டாங்க.

வெட்டி ஒட்டின சாக்ஸும் உடைந்த இயந்திரங்களும்

வட்டமாப் பின்ன, ரெண்டு பக்கமும் கூரா இருக்கிற ஊசி நாலோ அஞ்சோ வேணும். மெல்லிய கண்ணி வேணும்னா ஊசியும் மெல்லிசா இருக்கணும். மரமோ எலும்போ அவ்வளவு ஒல்லியானா உடைஞ்சுடும். அதனாலதான் எஃகுக் கம்பி வந்ததும் கை சாக்ஸ் தொழில் ஐரோப்பாவுல சூடு பிடிச்சுது. இங்கிலாந்து யார்க்‌ஷயர் மலைப்பக்கம் டெண்ட்னு ஒரு கிராமம். ஆண், பெண், குழந்தை எல்லாரும் பின்னுவாங்களாம். இடுப்புல ஒரு மரக்குச்சியைச் செருகி, அதுல இருக்கிற ஓட்டையில ஊசி நுனியை நிறுத்திக்கிட்டு, நடந்துக்கிட்டே பின்னுவாங்க. அந்தக் குச்சியில பூவேலை செதுக்கி மனசுக்குப் பிடிச்ச பொண்ணுக்குக் குடுக்கிறது அங்கே வழக்கம். இவ்வளவு வேகமாப் பின்னியும் கிடைச்ச கூலி என்னவோ சில்லறைதான்.

1589-ல நாட்டிங்ஹாம் பக்கம் கால்வர்ட்டன்ல வில்லியம் லீ காலுறை பின்ற சட்டத்தைக் கண்டுபிடிச்சார். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கொக்கி ஊசி. எலிசபெத் ராணிகிட்ட உரிமம் கேட்டார், கிடைக்கலை. பிரான்ஸ் போனார், அங்கேயும் உருப்படலை, அங்கேயே செத்தும் போனார். ஆனா அந்த வரிசை ஊசி யோசனை சாகலை. இன்னைக்குத் திருப்பூர்ல ஓடற பின்னல் இயந்திரம் அத்தனைக்கும் கொள்ளுத்தாத்தா அதுதான்.

ரெண்டு நூற்றாண்டு ஓடிச்சு. 1811-ல நாட்டிங்ஹாம் பக்கம் பின்னல்காரங்க ராத்திரியில முகமூடி போட்டுக்கிட்டு வந்து பின்னல் சட்டங்களைச் சம்மட்டியால உடைக்க ஆரம்பிச்சாங்க. லுட்டைட் கலகம். இயந்திரம்னாலே பிடிக்காத பட்டிக்காட்டுக் கும்பல்னுதான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. உண்மை என்னன்னா அவங்க வாழ்க்கையே அந்தச் சட்டத்துலதான், இருநூறு வருஷமா. அவங்க கோபம் குறைஞ்ச கூலி மேலயும், தொழில் பழகாத ஆளை வெச்சு வேலை வாங்கறது மேலயும், முக்கியமா 'வெட்டு' சாக்ஸ் மேலயும்.

வெட்டு சாக்ஸ்னா என்ன? ஒழுங்கான காலுறையைச் சட்டத்துலேயே கணுக்கால், கெண்டைக்கால்னு கண்ணியைக் கூட்டிக் குறைச்சு வடிவமாப் பின்னி எடுப்பாங்க. ஓரம் பிரியாது. லாபம் பார்த்த முதலாளிகள் அகலச் சட்டத்துல பெரிய துணியாப் பின்னி, அதைக் கத்திரியில கால் வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தைச்சு வித்தாங்க. பின்னின துணியை வெட்டினா என்ன ஆகும்? கண்ணி கண்ணியா அவிழும். கொஞ்ச நாள்ல தையல் விட்டுப் போகும். "உங்க ஊர் சாக்ஸே இப்படித்தான்"னு கெட்ட பேர் ஒழுங்காப் பின்னினவனுக்கும் சேர்த்து.

1812 பிப்ரவரியில, சட்டத்தை உடைச்சா தூக்குன்னு மசோதா வந்தப்ப, பிரபுக்கள் சபையில அதை எதிர்த்துப் பேசினவர் கவிஞர் பைரன். அதுதான் அங்கே அவரோட கன்னிப் பேச்சு. அப்படியும் சட்டம் நிறைவேறிச்சு. ஒரு சாக்ஸ் தையலுக்குப் பின்னாடி தூக்குக் கயிறு வரைக்கும் போன கதை இருக்கும்னு நான் கனவுலயும் நினைக்கலை.

பதுங்கு குழியில கால்

இனிமேதான் என்னை உலுக்கின பகுதி.

1914 குளிர்காலம். பிளாண்டர்ஸ், வட பிரான்ஸ் பதுங்கு குழிகள். முழங்கால் வரைக்கும் சேத்துத் தண்ணி. நாள் கணக்கா பூட்ஸைக் கழட்டாம நிக்கணும். காலுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு, மரத்து, வீங்கி, நீலம் பாரிச்சு, கடைசியில அழுகும். உறைபனி கூட வேணாம், ஈரமும் குளிரும் போதும். அதுக்குப் பேரே 'டிரெஞ்ச் ஃபுட்'. அந்த முதல் குளிர்காலத்துல மட்டும் பிரிட்டிஷ் படையில ஏறத்தாழ 20,000 பேர் இதுக்குச் சிகிச்சை எடுத்தாங்க. அதே குழிகள்ல நம்ம நாட்டுச் சிப்பாய்களும் நின்னாங்க. 1914 செப்டம்பர் கடைசியில மார்சேய் துறைமுகத்துல இறங்கின இந்தியப் படை, முதல் தடவையா ஒரு ஐரோப்பியக் குளிரைச் சந்திச்சுது.

ராணுவம் கண்டுபிடிச்ச வைத்தியம் ரொம்ப எளிமை. காலைத் துடை, திமிங்கில எண்ணெய் தேய், காய்ஞ்ச சாக்ஸ் மாத்து. ரெண்டு ரெண்டு பேராச் சேர்த்து, ஒருத்தன் காலுக்கு இன்னொருத்தன் பொறுப்புன்னு வெச்சாங்க. அதிகாரிங்க குனிஞ்சு சிப்பாய்களோட காலைப் பரிசோதிச்சாங்க. இதுக்கெல்லாம் சாக்ஸ் வேணுமே, மலை மலையா?

போர் அமைச்சர் கிச்சனர் கேட்டுக்கிட்டபடி மேரி ராணி நாட்டுப் பெண்களைக் கூப்பிட்டாங்க: மூணு லட்சம் ஜோடி சாக்ஸ். அரண்மனையிலேர்ந்து பள்ளிக்கூடம் வரைக்கும் எல்லாரும் ஊசி எடுத்தாங்க. ஆஸ்திரேலியாவுலேர்ந்து மட்டும் போர் முடியறதுக்குள்ள 13 லட்சம் ஜோடிக்கு மேல போச்சு. இதுல ஒரு மறுபக்கமும் உண்டு. தொழிற்சங்கத் தலைவி மேரி மெக்கார்தர், "சீமாட்டிகள் எல்லாரும் சும்மா பின்னிக் குடுத்தா, கூலிக்குத் தைக்கிற ஏழைப் பெண்கள் எங்கே போவாங்க?"ன்னு சண்டைக்கு நின்னாங்க. ராணியும் காது குடுத்துக் கேட்டு, வேலை இழந்த பெண்களுக்கு வேலை குடுக்கத் தனி நிதி ஆரம்பிச்சாங்க.

பின்னத் தெரியாதவங்க பின்னினதுல எத்தனை உருளைக்கிழங்கு மூட்டை போய்ச் சேர்ந்ததோ! அதனாலதான் நூல், ஊசி, கண்ணி எண்ணிக்கை எல்லாத்தையும் குறிச்ச அச்சுத் தாள்களை விநியோகிச்சாங்க. கம்பளிதான். அதுவும் சாம்பல் நிறமோ காக்கியோ. ஏன் கம்பளி? தன் எடையில முப்பது சதவீதம் வரைக்கும் ஈரத்தைக் குடிச்சும் தொட்டா ஈரம் தெரியாது. சுருள் சுருளான மயிருக்கு நடுவுல காத்து நிக்கும், அதுதான் வெதுவெதுப்பு. பருத்தி தண்ணியைக் குடிச்சு அப்படியே காலோட ஒட்டிக்கும். ஏன் மெல்லிய ஊசி? நெருக்கமான கண்ணி சீக்கிரம் தேயாது, பாதத்துல தடமும் பதியாது.

விரல் நுனியை எப்படி மூடறது? ரெண்டு ஊசியில நிக்கிற கண்ணிகளை, தையல் ஊசியால புதுசா ஒரு வரிசை பின்னின மாதிரியே கோத்துட்டா வரப்பே இருக்காது. இதுக்கு இன்னைக்குப் பேர் 'கிச்சனர் தையல்'. சிப்பாய்களோட விரலுக்காக கிச்சனர் பிரபுவே யோசிச்சதுன்னு ஒரு கதை சுத்துது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கிழிஞ்ச காலுறையை ஒட்டுற முறையா 19-ம் நூற்றாண்டுத் தையல் பாடப் புத்தகங்கள்லயே அது இருக்கு. 1916 ஜூன் 5-ம் தேதி ஆர்க்னி பக்கம் கப்பலோட மூழ்கிப் போன மனுஷன் பேர்ல, யாரோ பேர் தெரியாத டீச்சரம்மாக்களோட வித்தை ஒட்டிக்கிச்சு. வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் :-)

அப்ப எதைத்தான் வாங்கறது?

படிச்சதையெல்லாம் வெச்சு ரெண்டாவது தடவை கடைக்குப் போனேன். நான் பார்த்த கணக்கு இதுதான், உங்களுக்கும் உதவலாம்.

நூல்: நீளமான கம்பளி மயிரைச் சீவி, ஒரே திசையில அடுக்கி, நல்ல முறுக்கோட திரிச்சது. இந்த வகைக்கு 'வொர்ஸ்டட்'னு பேர், நார்ஃபோக்ல வொர்ஸ்டட்ங்கிற கிராமத்துலேர்ந்து வந்தது. புசுபுசுன்னு முறுக்கு இல்லாத நூல் ஸ்வெட்டருக்கு சுகம், குதிகால்ல ஒரே மாசத்துல ஓட்டை. மூணு புரி, நாலு புரி இருந்தா நல்லது. 1938-ல அறிவிச்ச நைலான், பின்னாடி சாக்ஸ் நூலுக்குள்ளயும் வந்துடுச்சு. இப்ப 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான்ங்கிறது கிட்டத்தட்ட வாய்ப்பாடு. 100 கிராம் உருண்டையில சுமார் 400 மீட்டர். ஒரு ஜோடிக்குத் தாராளம்.

ஊசி: 2.25லேர்ந்து 2.75 மி.மீ. வரைக்கும். அதாவது நம்ம கடைக்காரர் சொன்ன அதே 13, 12. அஞ்சு ஊசி செட். புதுசா பழகறவங்களுக்கு மூங்கில், கண்ணி வழுக்காது. வேகம் வந்தப்புறம் எஃகு.

அளவு: முதல்ல ஒரு சின்னத் துண்டு பின்னி, அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி வருதான்னு பாருங்க. பாதச் சுற்றளவைவிட ஒரு பத்து சதவீதம் குறைச்சுப் பின்னினா சுருங்காம, நழுவாம நிக்கும். அம்மாவுக்கு அவ்வளவும் குறைக்கலை. மேல் பட்டியைத் தளர்வா விட்டேன். சர்க்கரைக்காரங்களுக்குன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, என் பேச்சைக் கேட்டு மட்டும் செய்யாதீங்க.

ரெண்டாவது ஜோடி முடிக்க ரெண்டு மாசம் ஆச்சு. நடுவுல நூல் ஒரு இடத்துல அறுந்துது. நைலான் கலந்ததால எச்சில் வைத்தியம் சரியாப் பிடிக்கலை. முடிச்சுப் போட்டா ஒரு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியப் போறதில்லை, அம்மாவுக்குக்கூட உணர்ச்சி தெரியாதே. அந்த நினைப்பு வந்ததும்தான் கை நின்னுச்சு. தெரியாத காலுக்குத்தானே இவ்வளவும்? பத்து வரிசை அவிழ்த்து, ரெண்டு நூலையும் சேர்த்து நாலு விரல்கடைக்கு இரட்டையாப் பின்னி, நுனியை வெளிப்பக்கம் மறைச்சேன்.

அம்மா போட்டுக்கிட்டாங்க. நல்லா இருக்குன்னு சொல்லலை. "வலது கொஞ்சம் பெரிசு"ன்னாங்க. நிஜம்தான், நாலு வரிசை அதிகமாயிடுச்சு. ஆனா கழட்டலை.

ராத்திரி டார்ச் அடிச்சு பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறது இப்ப என் வேலை. ரெண்டு ரெண்டு பேராச் சேர்த்து, ஒருத்தன் காலுக்கு இன்னொருத்தன் பொறுப்புன்னு அந்தச் சேத்துக் குழியில விதி வெச்சாங்களே, அதைத்தான் தினமும் நினைச்சுக்கிறேன். இது வரைக்கும் ஒரு தடம்கூட இல்லை.

அந்தப் பழைய அக்ரிலிக் மூட்டையில இப்ப நிஜமாவே உருளைக்கிழங்குதான் இருக்கு. நீங்க யாராவது சாக்ஸ் பின்னியிருந்தா, குதிகால் திருப்பற இடத்துல ஓட்டை விழாம இருக்க என்ன பண்றீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. மூணாவது ஜோடி ஊசியில ஏறியாச்சு.